சுண்டெலியின் இரைப்பையும் நம் இரைப்பையும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் படிக்கும் மாணவர்களுக்குக் கடல் என்பது நாகப்பட்டினத்துக்கோ தரங்கம்பாடிக்கோ போய்ப் பார்க்கவேண்டிய ஒன்று. ஆனால் அவர்கள் நடந்து பள்ளிக்குச் செல்லும் மண்ணே ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தது. சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், காரை கிராமத்து ஓடைகளிலும் ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. அவை அம்மோனைட்டு என்னும் கடல் உயிரின் புதைபடிவங்கள். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இந்தக் கடலில் அம்மோனைட்டுகள் நீந்திக்கொண்டிருந்த காலத்தில்தான் நிலத்தில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. டைனோசர்களின் காலில் மிதிபடாமல் ஒளிந்து வாழ்ந்த ஒரு சிறு பாலூட்டியின் வம்சம் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் எலிகள் தோன்றின. மற்றொரு கிளையில் குரங்குகளும், வெகுகாலம் கழித்து மனிதரும் தோன்றினர். இந்தப் பிரிவு ஏறத்தாழ 7.5 கோடி முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கவேண்டும் என்று உயிரியலார் கணக்கிடுகின்றனர்.

இவ்வளவு காலம் பிரிந்திருந்தும் உறவு விட்டுப்போகவில்லை. 2002ஆம் ஆண்டு டிசம்பரில் சுண்டெலியின் மரபுத் தொகுதியின் முதல் வரைவு படிக்கப்பட்டு வெளியானது. சுண்டெலியின் ஜீன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மனிதனிடம் ஏதோ ஓர் இணை உண்டு என்று அப்போது தெரியவந்தது. வெள்ளைச் சுண்டெலியை ஆய்வுக்கூடத்தில் ஏன் வளர்க்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை. மனிதனிடம் செய்து பார்க்கக் கூடாத சோதனைகளை நம் தூரத்து உறவினரான எலியிடம் செய்து பார்க்கிறோம்.

ஆனால் ஒரு புதிர். மனிதனின் இரைப்பையில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஒரு பாக்டீரியாவைச் சாதாரணச் சுண்டெலியின் இரைப்பையில் குடியேற்றினால், அதற்குப் பெரும்பாலும் புற்றுநோய் வருவதில்லை. ஜீன்கள் ஒத்திருக்க, நோய் மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போவோம்.

ஊசல் சொல்லும் பாடம்

நான் இயற்பியல் ஆசிரியன். எலியைப் பற்றிப் பேசுமுன் ஓர் ஊசலைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள்.

தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள். நூலின் நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் தெரிந்தால் போதும். எவ்வளவு தூரம் இழுத்துவிட்டோம் என்பது கணக்கில் வராது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு அருகில் "கோணம் சிறிதாக இருக்கும்போது" என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவோம். ஊசலை 60 பாகைக்கு இழுத்துவிட்டால் உண்மையான அலைவு நேரம் சூத்திரம் தரும் விடையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடிவிடும். 90 பாகைக்கு இழுத்தால் 18 சதவீதம் கூடும். ஒரு மீட்டர் நூலும் ஒரு கல்லும் கடிகாரமும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

அதனால் சூத்திரம் பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. அது ஒரு மாதிரி. எந்த எல்லைவரை அதை நம்பலாம் என்று தெரிந்தவனுக்கு அது நல்ல கருவி. எல்லை தெரியாதவனைத்தான் அது ஏமாற்றும்.

நோய் ஆராய்ச்சியில் சுண்டெலியும் இத்தகைய மாதிரியே. ஆகவே "எலி மனிதனைப் போன்றதா?" என்று கேட்பது அரைகுறைக் கேள்வி. "எதுவரை போன்றது?" என்பதே சரியான கேள்வி.

கிருமியைக் குடித்த மருத்துவர்

இரைப்பையில் ஊறும் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பிவந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இந்த நம்பிக்கையைத் தகர்த்தனர். நோயாளிகளின் இரைப்பைச் சவ்வில் திருகாணிபோல் வளைந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டு, 1982இல் அதைத் தனியே வளர்த்தும் காட்டினர். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

இந்தக் கிருமிதான் இரைப்பை அழற்சியை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க மார்ஷல் முதலில் பன்றிக்குட்டிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குத் தொற்றவே இல்லை. மாதிரி கைவிட்டுவிட்டது! 1984இல் அவர் பொறுமையிழந்து, கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்துவிட்டார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. உள்நோக்குக் குழாய் செலுத்திப் பார்த்தபோது இரைப்பை அழற்சி உறுதியாயிற்று. (நீங்கள் யாரும் இதைப் பின்பற்றவேண்டாம்.) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தப் பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

கிருமி தொற்றியவர் எல்லோருக்கும் புற்றுநோய் வராது. மிகச் சிலருக்கே வரும். அதுவும் படிப்படியாக வரும். முதலில் நீடித்த அழற்சி, பிறகு சவ்வு மெலிதல், அதன்பின் இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப்போல் உருமாறுதல், இறுதியில் புற்று. கொலம்பியா நாட்டைச் சேர்ந்த பெலாயோ கொரியா 1975இல் இந்தப் படிக்கட்டை விவரித்தார். மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இரைப்பைச் செல் எப்படிக் குடல் செல்லாக முடியும்? இதைப் புரிந்துகொள்ள ஜீன்களைவிட ஒரு படி மேலே ஏறிப் பார்க்கவேண்டும்.

பாடநூலும் பென்சில் குறியும்

உங்கள் உடலில் உள்ள கண் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் இரைப்பைச் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றே. எல்லாருக்கும் ஒரே பாடநூல் கொடுத்தாயிற்று. ஆனால் எல்லாரும் எல்லாப் பாடத்தையும் படிப்பதில்லை. இரைப்பைச் செல்லின் நூலில் குடலுக்கான பாடங்கள் "இது உனக்கு வேண்டாம்" என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. குடல் செல்லின் நூலில் இரைப்பைப் பாடங்கள் அவ்வாறு குறிக்கப்பட்டிருக்கின்றன. நூலின் எழுத்து மாறவில்லை. ஓரத்தில் உள்ள குறிகள்தாம் வேறு. இந்தக் குறிகளைப் பற்றிய அறிவியலே எபிஜெனடிக்ஸ். 1942இல் வாடிங்டன் என்ற ஆங்கிலேய உயிரியலார் இப்பெயரை வழங்கினார்.

இந்தக் குறிகளில் நன்கு ஆராயப்பட்டது மெத்தில் தொகுதி. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின்மேல் இது ஒட்டிக்கொள்கிறது. அதுவும் சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடங்களில்தான் பெரும்பாலும் ஒட்டும். இந்தச் "சி-ஜி" இணைகள் டி.என்.ஏ. முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கின்றன. ஆனால் பல ஜீன்களின் தொடக்கத்தில் மட்டும் அவை கூட்டமாக நெருங்கியிருக்கும். இக்கூட்டங்களைச் "சி-ஜி தீவுகள்" என்பர். தீவு மெத்தில் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அந்த ஜீன் படிக்கப்படலாம். தீவு முழுதும் மெத்தில் ஏறிவிட்டால் ஜீன் வாயடைத்துப் போகும்.

செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. ஒரு நொதி அப்போது குறிகளையும் பார்த்துப் பார்த்துப் புதிய படியில் போட்டுவிடுகிறது. அண்ணனின் பழைய நூலை வாங்கிய தம்பி, அதில் உள்ள அடிக்கோடுகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வதைப்போல! ஆகவே தவறாகப் போடப்பட்ட குறியும் செல் வம்சத்தில் தொடரும்.

ஆயினும் எழுத்துப்பிழைக்கும் குறிப்பிழைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எழுத்துப்பிழை, அதாவது ஜீனின் திடீர் மாற்றம், அச்சில் ஏறியது; திரும்பத் திருத்துவது மிகக் கடினம். குறி பென்சிலால் போட்டது. அழிக்க வழி உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனித இரைப்பையில் நடப்பது

டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்தில் உஷிஜிமா என்பவரின் குழு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புற்றுநோய் இல்லாத மனிதர்களின் இரைப்பைச் சவ்வில் குறிப்பிட்ட சில சி-ஜி தீவுகளை அவர்கள் அளந்தனர். பைலோரி தொற்றியவர்களிடம் மெத்தில் அளவு, தொற்றாதவர்களைவிடக் குறைந்தது 5.4 மடங்கும், சில தீவுகளில் 303 மடங்கும் கூடுதலாக இருந்தது. கவனியுங்கள்: இவர்களுக்கு இன்னும் புற்றுநோய் வரவில்லை. கண்ணுக்குச் சவ்வு சாதாரணமாகவே தெரியலாம். ஆனால் நூலில் தவறான பென்சில் குறிகள் அதற்குள் நிரம்பத் தொடங்கிவிட்டன.

மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்தபின் மெத்தில் அளவு குறைகிறது. ஆனால் தொற்றே இல்லாதவர் அளவுக்கு முற்றிலும் இறங்குவதில்லை. மிஞ்சி நிற்கும் இந்தக் குறிகளே பிற்கால ஆபத்தின் அளவுகோல் என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர்.

எந்த ஜீன்கள் வாயடைக்கப்படுகின்றன? இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். முதலாவது, ஈ-கேடரின் என்ற புரதத்துக்கான ஜீன். சுவரில் செங்கல்லைச் செங்கல்லோடு பிடித்து வைக்கும் சாந்துபோல, செல்லைச் செல்லோடு சேர்த்து வைப்பது இப்புரதம். 1998இல் நியூசிலாந்தின் மாவோரி இனக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோய் வருவதற்கு இந்த ஜீனில் உள்ள பிழையே காரணம் என்று கண்டனர். ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு நகல்கள் உண்டல்லவா? இத்தகைய குடும்பத்தாரிடம் ஒரு நகலில் எழுத்துப்பிழை பிறவியிலேயே இருக்கிறது. மற்ற நகலைப் பல நோயாளிகளிடம் மெத்தில் குறியே வாயடைக்கிறது என்று 2000இல் தெரியவந்தது. இரண்டாவது, டி.என்.ஏ.யின் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 என்ற ஜீன். இதன் தீவில் மெத்தில் ஏறிவிட்டால், பிழை திருத்துபவரே வேலையை நிறுத்திவிட்டதாகப் பொருள். பிறகு பிழைமேல் பிழை சேரும்.

இரைப்பைப் புற்றுநோயின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. முக்கியமான சில காவல் ஜீன்கள் இந்நோயில் எழுத்துப்பிழையால் கெடுவதைவிட மெத்தில் குறியால் வாயடைக்கப்படுவதே அதிகம்.

எலி எங்கே வேறுபடுகிறது?

இப்போது எலியிடம் வருவோம்.

முதலில் உறுப்பே வேறு. நம் இரைப்பை முழுவதும் சுரப்பிகள் நிறைந்த சவ்வு. சுண்டெலியின் இரைப்பையில் ஒரு பகுதி உணவுக்குழாயைப்போல் தடித்த தோலுடையது. தானியத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. மற்றப் பகுதியில்தான் சுரப்பிகள். அமிலத்தின் கடுமையும் நம்முடையதைவிடக் குறைவு. பூனையின் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் ஃபெலிஸ் என்ற உறவுக்காரக் கிருமியைக் கொடுத்தால் சில வகைச் சுண்டெலிகளுக்கு ஓராண்டுக்குமேல் கழித்துப் புற்று வருவதுண்டு. ஆனால் அது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. மனிதனிடம் காணும் குடல்போன்ற உருமாற்றமும் சுண்டெலியிடம் தானாகத் தெளிவாகத் தோன்றுவதில்லை. குடல் பாடத்தைத் திறக்கும் சி.டி.எக்ஸ்.2 என்ற ஜீனை ஆய்வாளர்கள் 2002இல் எலியின் இரைப்பையில் வலிந்து இயங்கச் செய்தபோதுதான் அவ்வுருமாற்றம் வந்தது.

இரண்டாவது, தீவுகளின் வேறுபாடு. இதில் ஒரு சுவையான கணக்குத் தகராறு உண்டு. 1993இல் மனிதனிடம் 45,000 தீவுகளும் சுண்டெலியிடம் 37,000 தீவுகளும் இருப்பதாக மதிப்பிட்டனர். 2002இல் கணிப்பொறி எண்ணியபோது மனிதனுக்கு ஏறத்தாழ 27,000, சுண்டெலிக்கு 15,500 என்று வந்தது. பாதிக்குச் சற்றே கூடுதல்! 2010இல் எட்டின்பரோ ஆய்வாளர்கள் கணிப்பொறியை மட்டும் நம்பாமல், தீவுகளை நேரடியாகப் பிரித்தெடுத்து எண்ணினர். மனிதனுக்கு 25,495, சுண்டெலிக்கு 23,021. ஏறத்தாழச் சமம்!

கணிப்பொறி ஏன் ஏமாந்தது? சுண்டெலியின் தீவுகள் கரை அரிக்கப்பட்ட தீவுகள். மெத்தில் ஏறிய சைட்டோசின் காலப்போக்கில் தைமின் என்ற வேறோர் எழுத்தாக மாறிவிடும் இயல்புடையது. எலி வம்சத்தில் இப்படிச் சி-ஜி இணைகள் தேய்ந்து, தீவுகளின் நெருக்கம் குறைந்துவிட்டது. மனிதனுக்கான அளவுகோலை வைத்துத் தேடிய கணிப்பொறிக்கு அவை தீவாகத் தெரியவில்லை. சில ஜீன்களில் தீவே போய்விட்டது. ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கான ஆல்ஃபா குளோபின் ஜீனுக்கு மனிதனிடம் தீவு உண்டு, சுண்டெலியிடம் இல்லை. ஜீன் ஒன்றே, ஆனால் குறி போடுவதற்கான ஓரப்பகுதி வேறு. ஆகவே மனிதனிடம் ஒரு ஜீன் மெத்திலால் வாயடைக்கப்பட்டால் எலியிடமும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியே சோதித்தாகவேண்டும்.

மூன்றாவது, ஒரு வைரஸ். 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடலில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. 2014இல் அமெரிக்கக் குழு ஒன்று 295 இரைப்பைக் கட்டிகளை முழுமையாக ஆராய்ந்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. அவற்றில் ஏறத்தாழ 9 சதவீதம் இந்த வைரஸ் உள்ள கட்டிகள். அதுவரை அக்குழு ஆராய்ந்திருந்த எல்லாப் புற்றுகளிலும் மெத்தில் மிகுதி உச்சத்தில் இருந்தது இவ்வகையில்தான். ஆனால் சாதாரணச் சுண்டெலிக்கு இந்த வைரஸ் தொற்றுவதில்லை. எனவே இவ்வகை நோய்க்கு இயல்பான எலி மாதிரியே கிடையாது.

நான்காவது, காலம். சுண்டெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். வயதாக ஆக எல்லாப் பாலூட்டிகளிலும் மெத்தில் குறிகள் இடம் பிறழ்கின்றன. சுண்டெலி, குரங்கு, மனிதன் மூன்றையும் ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஆயுள் குறைந்த உயிரில் இந்தப் பிறழ்ச்சி வேகமாகவும் ஆயுள் நீண்ட உயிரில் மெதுவாகவும் நடப்பதாகக் காட்டியது. நமக்கு முப்பது நாற்பது ஆண்டு அழற்சியில் சேரும் குறிகள் வேறு. எலிக்கு ஓராண்டில் சேரும் குறிகள் வேறு. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது, கிலோமீட்டர் கல்லை மைல் கல்லாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. எலிக்குப் புற்று வராதபோது ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? வேண்டிய ஜீனை வெட்டி நீக்கிவிடுகிறார்கள். ஈ-கேடரின் ஜீனோடு பி53 என்ற காவல் ஜீனையும் இரைப்பையில் நீக்கி, பரவக்கூடிய புற்றுநோயைச் சுண்டெலியிடம் 2012இல் உண்டாக்கிக் காட்டினர். அரிய சாதனைதான். ஆனால் அங்கே நூலின் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. மனிதனிடமோ பல வேளைகளில் பக்கம் அப்படியே இருக்கிறது. பென்சில் குறிதான் தடுக்கிறது. குறியை அழிக்கும் மருந்தை, பக்கம் கிழிந்த எலியிடம் எப்படிச் சோதிப்பது? ஊசலை 90 பாகைக்கு இழுத்துவிட்டுச் சிறுகோணச் சூத்திரத்தைப் போடுவது இதுதான்.

கைகொடுத்த பாலைவன எலி

மாதிரி பொருந்தவில்லையானால் வேறு மாதிரி தேடவேண்டும். ஜப்பானியர் மங்கோலியப் பாலைவனத்து ஜெர்பில் என்ற கொறிப்பானைத் தேர்ந்தெடுத்தனர். 1998இல் பைலோரி தொற்று மட்டுமே ஜெர்பிலுக்கு இரைப்பைப் புற்றுநோயை உண்டாக்கியது.

உஷிஜிமாவின் குழு 2010இல் இந்த ஜெர்பிலிடம் ஓர் அழகான சோதனை செய்தது. மெத்தில் குறிகளைப் போடுவது கிருமியா, அல்லது கிருமியை எதிர்க்கும் உடலின் அழற்சியா? தொற்றிய ஜெர்பில்களுக்கு அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்தனர். கிருமிகள் அப்படியே இருந்தன. அழற்சி அடங்கியது. மெத்தில் ஏறுவதும் அடங்கியது! தவறான குறிகளுக்கு நேர்க்காரணம் அழற்சியே என்று இதனால் தெளிவாயிற்று.

2013இல் அவர்கள் அடுத்த படிக்குப் போயினர். தொற்றும் வேதிப்பொருளும் கொடுத்துப் புற்று உண்டாக்கிய ஜெர்பில்களில் ஒரு பகுதிக்கு, மெத்தில் குறியை அழிக்கும் மருந்தையும் கொடுத்தனர். மருந்து பெறாதவற்றில் 55 சதவீதத்துக்குப் புற்று வந்தது. பெற்றவற்றில் 23 சதவீதத்துக்குத்தான் வந்தது. பென்சில் குறியை அழித்தால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இம்மருந்து ரத்தம் தொடர்பான சில நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. பக்க விளைவுகள் கடுமையானவை. ஆகையால் நலமாக இருப்பவருக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுக்க முடியாது. ஆனால் வழி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

நம் நாட்டுப் புதிர்

எலியும் மனிதனும் வேறுபடுவதில் வியப்பில்லை என்று நீங்கள் நினைக்கலாம். மனிதரும் மனிதரும் வேறுபடுகிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

இந்தியாவில் பைலோரி தொற்று மிகப் பரவலானது. வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் உண்டு. ஆனால் இரைப்பைப் புற்றுநோய், ஜப்பானையும் கொரியாவையும் பார்க்க மிகக் குறைவு. இதனை "இந்தியப் புதிர்" என்றே மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. நாட்டுக்குள்ளேயும் ஒரே அளவு இல்லை. மிசோரம் மாநிலத்தில் இந்நோய் மிக அதிகம். அங்கே புகையூட்டிய இறைச்சி, புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பு, "துய்பூர்" எனப்படும் புகையிலைப் புகை கலந்த நீர் ஆகியவை காரணங்களாக ஆராயப்பட்டுள்ளன. தமிழகத்தில், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கம் முதல் நடத்திவரும் பதிவேட்டில், ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றும் ஒன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இந்நோயின் ஜீன்கள் குறித்து ஆய்வுகள் நடந்துள்ளன.

இந்தப் புதிருக்கு ஒரு துப்புக் கொடுத்தது, நாம் குறை சொல்லிவந்த அதே சுண்டெலிதான்! 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் சில சுண்டெலிகளுக்குக் குடற்புழுவையும் ஹெலிகோபாக்டர் ஃபெலிஸ் கிருமியையும் சேர்த்துக் கொடுத்தனர். கிருமி ஏராளமாகவே இருந்தது. ஆனால் இரைப்பைச் சவ்வு மெலிவது வெகுவாகக் குறைந்தது. புழு, உடலின் எதிர்ப்பு முறையையே மாற்றி, அழற்சியின் தன்மையைத் திருப்பிவிட்டது. அழற்சிதான் குறி போடுகிறது என்ற ஜெர்பில் பாடத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே கிருமி, ஒத்த ஜீன்கள். ஆனால் சுற்றுச்சூழல் வேறானால் விளைவும் வேறு.

இதைப் படித்துவிட்டுப் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! புழு ரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும்; படிப்பையும் வளர்ச்சியையும் கெடுக்கும். ஆய்வாளர் தேடுவது புழுவை அல்ல. அது அழற்சியை அடக்கும் தந்திரத்தை.

இதனால் நமக்கு என்ன?

2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; 6.6 லட்சம் பேர் அதனால் இறந்தனர். இறப்பு இவ்வளவு மிகுதியாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நோய் பல வேளைகளில் காலம் கடந்தே தெரியவருவதுதான். வீட்டில் பெரியவர் ஒருவர் வாரக்கணக்கில் பசியில்லை என்கிறார். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. காரணமின்றி உடல் மெலிகிறது. மலம் தார்போல் கறுத்துப் போகிறது. "வாய்வுத் தொல்லை" என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்தால் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று வற்புறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. புகையிலையை விடச் சொல்லும் உரிமையும் உண்டு. அதிக உப்பிட்ட உணவைக் குறைப்பதும் நல்லது.

கிருமி இருக்கிறதா என்று அறிய ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. இயற்பியல் மாணவர்களுக்கு அது பிடிக்கும். சற்றே கனமான கார்பன்-13 அணுவைக் கொண்ட யூரியாவைக் குடிக்கச் செய்வார்கள். பைலோரி தன் நொதியால் யூரியாவை உடைத்துக் கரியமில வாயு ஆக்கும். அந்த வாயு மூச்சில் வெளிவரும். மூச்சில் கார்பன்-13 கூடுதலாக இருந்தால் கிருமி இருக்கிறது என்று பொருள். ஊசி இல்லை, வலி இல்லை. சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கடைசியாக ஒன்று. "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று அடிக்கடி செய்தி வரும். அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த உயிரிடம் சோதித்தார்கள்? அந்த உயிருக்கு நோய் தானாக வந்ததா, அல்லது ஜீனை வெட்டி வரவழைத்தார்களா? அதன் செல்களில் குறி போடும் முறை நம்முடையதை ஒத்ததா? விடை தெரியும்வரை மகிழ்ச்சியையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். நம்பிக்கையை மட்டும் ஒத்திவைக்கவேண்டாம். சுண்டெலி நமக்குப் பொய் சொல்லவில்லை. அது தன் இரைப்பையைப் பற்றித்தான் சொல்கிறது. அதில் எவ்வளவு நமக்கும் பொருந்தும் என்று கணக்கிடவேண்டியது நாம்தான்.